கூபேயில் ஐந்து வருடம், எஸ்யூவியில் நான்கு வருடம்

இரண்டு கதவுள்ள தாழ்வான கூபே காரான முதல் தலைமுறை டொயோட்டா 86-ஐ ஐந்து வருடம், 62,000 கிலோமீட்டர் ஓட்டினேன். அதைக் கொடுத்துவிட்டு எடுத்த எஸ்யூவியான இரண்டாம் தலைமுறை மாஸ்டா சிஎக்ஸ்-5-க்கு இப்போது நான்கு வருடம், 71,000 கிலோமீட்டர் ஆகிறது. இரண்டுமே வீட்டில் இருந்த ஒரே கார். வேலைக்கு, கடைக்கு, ஆஸ்பத்திரிக்கு, வெளியூருக்கு என்று எல்லாவற்றுக்கும் அந்த ஒன்றுதான். கூபேயா எஸ்யூவியா என்று யோசிப்பவர்கள் பெரும்பாலும் குதிரைத்திறனையும் டிக்கி அளவையும்தான் ஒப்பிடுகிறார்கள். நானும் அப்படித்தான் பார்த்தேன். கடைசியில் என்னை மாற்றியது கதவும் சீட்டின் உயரமும்.

முதலில் 86. இரண்டு லிட்டர் பாக்ஸர் இன்ஜின், 200 குதிரைத்திறன், ஆறு கியர் மேனுவல், பின் சக்கர இயக்கம். 100 கிலோமீட்டர் வேகத்தைத் தொட ஏழரை வினாடிக்குச் சற்று மேல் ஆகும். இன்று இதைவிடச் சீக்கிரம் தொடும் குடும்பக் கார்கள் நிறைய உண்டு. ஆகவே நேர்க்கோட்டு வேகத்துக்காக இதை வாங்க வேண்டாம். இதன் அருமை எடையில் இருக்கிறது. கார் 1,250 கிலோவை ஒட்டித்தான் வரும். பாக்ஸர் இன்ஜினில் சிலிண்டர்கள் படுக்கைவாட்டில் இருப்பதால் இன்ஜினை நன்றாகத் தாழ்த்திப் பொருத்தியிருக்கிறார்கள். காரின் ஈர்ப்பு மையம் தரையிலிருந்து சுமார் 46 சென்டிமீட்டர், ஏறக்குறைய நம் முழங்கால் உயரம். ஸ்டியரிங்கைத் திருப்பினால் கார் கையோடு சேர்ந்தே திரும்புகிறது, சாய்ந்து நிமிர்வதற்கு நேரம் எடுப்பதில்லை. 40 கிலோமீட்டர் வேகத்தில் ஒரு ரவுண்டானாவைச் சுற்றும்போதே இது தெரிந்துவிடும். பின் டயரின் பிடி தளரத் தொடங்குவதை முதுகு முதலில் உணரும், கண் அப்புறம்தான். ஐந்து வருடத்தில் ஒரு நாள்கூட அந்த ஓட்டுதல் அலுக்கவில்லை. இதை அழுத்திச் சொல்கிறேன். ஏனென்றால் குடும்பம் வந்ததும் இந்த ஆசையைச் சின்னப்பிள்ளைத்தனம் என்று ஒதுக்குகிறவர்கள் அதிகம். நன்றாகச் செய்த ஒரு பொருளைக் கையாளும் சந்தோஷம் அது.

ஐந்தாவது வருடத் தொடக்கத்தில் மகள் பிறந்தாள்.

86-இல் பின் சீட் உண்டு, குழந்தை இருக்கையை மாட்ட ஐசோஃபிக்ஸ் கொக்கிகளும் உண்டு. அது போதும் என்று நினைத்தேன். பச்சைக் குழந்தையைப் பின்னோக்கிய இருக்கையில்தான் உட்கார வைக்க வேண்டும். குழந்தை இருக்கைகளுக்கான ஐரோப்பாவின் ஆர்129 விதி குறைந்தது 15 மாதம் வரை அதைக் கட்டாயமாக்குகிறது. அந்த இருக்கையைப் பின்னால் மாட்டியதும் முன் பயணி சீட்டைக் கடைசிவரை முன்னே தள்ள வேண்டியிருந்தது. அதில் பெரியவர் யாரும் உட்கார முடியாது. குழந்தையை முன் சீட்டுக்கு மாற்றலாமே என்று சிலர் சொன்னார்கள். ஏர்பேக் இயங்கும் நிலையில் உள்ள முன் சீட்டில் பின்னோக்கிய இருக்கையை வைக்கவே கூடாது. அது வெடித்து விரிந்தால் நேராக இருக்கையின் முதுகில், குழந்தையின் தலைக்குப் பக்கத்தில் அடிக்கும். ஆகவே என் மனைவி எனக்குப் பின்னால், முழங்காலை மடக்கிக்கொண்டு உட்கார்ந்தார்.

அதைவிடக் கஷ்டம் குழந்தையை உள்ளே வைப்பது. கூபேயின் கதவு நீளம், முழுசாகத் திறந்தால்தான் பின்னால் போக வழி. பார்க்கிங்கில் பக்கத்துக் கார் ஒட்டி நின்றால் பாதிதான் திறக்கும். தூங்கும் குழந்தையை இடது தோளில் சாய்த்து, வலது உள்ளங்கையால் அவள் உச்சந்தலையைக் கதவுச் சட்டத்தில் இடிக்காமல் மூடிக்கொண்டு, சீட் பெல்ட் காலில் சிக்காமல் தாண்டி, குனிந்த நிலையிலேயே உடம்பைத் திருப்பி அவளை இறக்கி, பெல்ட் பக்கிளை இருட்டில் தடவி மாட்ட வேண்டும். மழை என்றால் இத்தனைக்கும் முதுகு வெளியே நனைந்துகொண்டிருக்கும். ஒரு நாளில் இப்படி நாலு தடவை. மூன்றாவது மாதம் எனக்கு இடுப்பு பிடித்துக்கொண்டது.

அம்மாவுக்கு முட்டி தேய்மானம். அவர் 86-இல் ஏறுவது என்பது ஏறக்குறைய தரையில் உட்காருவது போல. இறங்கும்போது நான் சுற்றிப் போய் இரண்டு கையையும் பிடித்துத் தூக்க வேண்டும். ஒரு நாள் அப்படித் தூக்கும்போது, "நீங்க போயிட்டு வாங்கப்பா, நான் வீட்டுலயே இருக்கேன்" என்று சாதாரணமாகச் சொன்னார். அடுத்த இரண்டு வெளியூர்ப் பயணத்துக்கும் அவர் வரவில்லை. காரை மாற்றுவது என்று நான் முடிவு செய்தது அப்போதுதான்.

அடுத்த காரைத் தேர்ந்தெடுத்தபோது ஷோரூமுக்கு அம்மாவையும், குழந்தை இருக்கையையும், தள்ளுவண்டியையும் கொண்டுபோனேன். ஓட்டிப் பார்ப்பதற்கு முன்னால் இருக்கையை மூன்று தடவை மாட்டிக் கழற்றினேன். பக்கத்தில் ஒரு கார் நிற்கும்போது கதவைத் திறந்து பார்த்தேன். அம்மாவை யார் உதவியும் இல்லாமல் ஏறி இறங்கச் சொன்னேன். விற்பனையாளருக்குப் பொறுமை வேண்டியிருந்தது, பாவம். ஆனால் இந்த அரை மணி நேரம் எந்த விவரக் குறிப்பிலும் கிடைக்காத தகவலைத் தரும். இரண்டு கார்கள் இந்தச் சோதனையிலேயே கழிந்தன. ஒன்று மிக உயரம், அம்மா காலைத் தூக்கி வைக்கத் திணறினார். சீட் தாழ்ந்தாலும் சிரமம், மிக உயர்ந்தாலும் சிரமம். நின்ற நிலையில் பின்புறம் சீட்டுக்கு நேராக இருந்தால், அப்படியே சாய்ந்து உட்கார்ந்துவிடலாம். சிஎக்ஸ்-5-இல் அம்மாவுக்கு அந்த உயரம் சரியாக அமைந்தது.

நான்கு வருடத்தில் சிஎக்ஸ்-5 பற்றிப் பெரிதாகக் குறை சொல்ல எனக்கு எதுவும் இல்லை. என்னுடையது இரண்டரை லிட்டர் பெட்ரோல், ஆட்டோமேட்டிக். பின் சீட் 40:20:40 என்று மூன்று துண்டாக மடியும். நடுத்துண்டை மட்டும் மடக்கி நீளமான சாமானை வைத்தாலும் குழந்தையும் பாட்டியும் இரு பக்கமும் உட்காரலாம். 86-இல் பின் முதுகு முழுசாக ஒரே பலகையாகத்தான் மடியும். சிஎக்ஸ்-5-இன் டிக்கி 86-இன் டிக்கியைப் போல இரண்டு மடங்கு.

சொகுசில் உள்ள வித்தியாசத்துக்கு டயரே பாதிக் காரணம். 86-இன் டயர் 215/45, அதாவது அகலம் 215 மில்லிமீட்டர், அதில் 45 சதவீதம் பக்கச்சுவரின் உயரம், 97 மில்லிமீட்டர். என் சிஎக்ஸ்-5-இல் இருப்பது 225/65, பக்கச்சுவர் 146 மில்லிமீட்டர். கிட்டத்தட்ட ஐந்து சென்டிமீட்டர் ரப்பரும் காற்றும் கூடுதல். முன்பு பல்லைக் கடித்துக்கொண்டு தாண்டிய பள்ளங்கள் இப்போது சத்தமாக மட்டும் கேட்கின்றன. 19 அங்குலச் சக்கரம் அழகுதான், ஆனால் அதை எடுத்தால் இந்தச் சொகுசில் ஒரு பகுதி போய்விடும். குடும்பத்துக்கு எடுப்பவர்கள் சின்னச் சக்கரத்தையே எடுங்கள்.

வளைவில் இது 86 ஆகாது. ஸ்டியரிங்கைத் திருப்பும் கணத்தில் இன்ஜினின் விசையைக் கொஞ்சம் குறைத்து, முன் சக்கரங்களில் பாரம் ஏற்றும் ஜி-வெக்டரிங் அமைப்பு இதில் இருக்கிறது. அதனால் வண்டி நேர்த்தியாகத் திரும்புகிறது. இருந்தாலும் 300 கிலோவுக்கு மேல் கூடுதல் எடை, உயரமான உடம்பு. பிரேக்கை மிதிக்கும்போதெல்லாம் அந்த எடை தெரிகிறது.

உயரமான காருக்கே உரிய ஓர் ஆபத்தைச் சொல்லியாக வேண்டும். பின்னால் ஒரு சின்னக் குழந்தை நின்றால் கண்ணாடியில் தெரியாது. கேமரா இருக்கிறதுதான், ஆனால் மழையில் அதன் லென்ஸில் நீர் படிந்துவிடும். ரிவர்ஸ் எடுப்பதற்கு முன் காரை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்துவிட்டுத்தான் ஏறுகிறேன். பிள்ளைகள் உள்ள வீட்டில் இதில் சமரசமே கூடாது.

செலவு விஷயத்தில் நான் எதிர்பார்த்தது நடக்கவில்லை. 86 லிட்டருக்குச் சராசரியாக 11 கிலோமீட்டர் கொடுத்தது, சிஎக்ஸ்-5 பதினொன்றரை. மாஸ்டா சாதாரண பெட்ரோலிலேயே ஓடுகிறது, 86-க்கு உயர் ஆக்டேன் பெட்ரோல் வேண்டும். பாக்ஸர் இன்ஜினில் ஸ்பார்க் பிளக்குகள் இரு பக்கமும் சட்டத்தை ஒட்டி மறைந்திருக்கும். அவற்றை மாற்ற மெக்கானிக்குக் கிட்டத்தட்ட அரை நாள் ஆனது.

சரி, நீங்கள் எதை எடுப்பது? ஒரு மாதம் பின் சீட்டில் யார் யார் எத்தனை தடவை உட்காருகிறார்கள் என்று எண்ணிப் பாருங்கள். வாரத்துக்கு ஒரு தடவைகூட இல்லையென்றால் தயங்காமல் கூபேயை எடுங்கள். "நாளைக்குக் குழந்தை பிறந்தால்" என்று இன்றே பெரிய காரில் தனியாக ஓட்டிக்கொண்டிருக்கத் தேவையில்லை. 86-ஐ நான் ஓட்டிய முதல் நான்கு வருடங்களை எதற்காகவும் விட்டுக்கொடுக்க மாட்டேன். தினமும் குழந்தையோ முட்டி வலி உள்ள பெரியவரோ ஏறுகிறார் என்றால் எஸ்யூவி எடுங்கள். கூபேயை வைத்தே சமாளிக்கலாம் என்று நான் ஒரு வருடம் முயன்றதில் கஷ்டப்பட்டது மனைவியும் அம்மாவும்தான்.

மகள் இப்போது முன்னோக்கிய இருக்கைக்கு மாறிவிட்டாள், பெல்ட்டைத் தானே மாட்டப் பழகுகிறாள். நான் இறங்கிச் சுற்றி வருவதற்குள் அம்மா கதவைத் திறந்து, தானாகவே இறங்கி, பேத்தியின் பக்கம் போய் நின்றுவிடுகிறார்.