பாலைப்பழக் காட்டுக்குள் எந்த வோக்கி வேலை செய்யும்?

திருகோணமலை மாவட்டத்தில் குச்சவெளி தாண்டி யான் ஓயா ஆற்றுப் பக்கம், அங்கால தென்னைமரவாடி வரைக்கும் காட்டுக்குள் ஆட்களைக் கூட்டிக்கொண்டு போய்வருகிற ஒரு சின்னக் குழு எங்களுடையது. பாலைப்பழக் காலத்தில் குடும்பமாக வருவார்கள். மாரி முடிந்த பிறகு பறவை பார்க்கப் பள்ளிக்கூடப் பிள்ளைகள் வருவார்கள். இத்தனை பேரும் ஒரே வேகத்தில் நடக்க மாட்டார்கள். முன்னுக்கு வழி தெரிந்த அண்ணை, நடுவில் பிள்ளைகளோடு தாய்மார், கடைசியில் யாரும் பின்தங்காமல் பார்த்துக்கொள்ளும் ஒரு தம்பி. இந்த மூன்று இடமும் எந்த நேரமும் பேசிக்கொள்ள முடிய வேண்டும். ஃபோனை நம்ப முடியாது. பெரிய வீதியை விட்டு உள்ளே இறங்கினால் சிக்னல் குறைந்து குறைந்து இல்லாமலே போய்விடும். குழுவுக்கு வோக்கி டோக்கி பார்த்து வாங்கும் பொறுப்பு என்னுடையது என்பதால் பலவகைச் செட்டுகளைக் கையில் வைத்துப் பார்த்துவிட்டேன். முடிவை முதலிலேயே சொல்கிறேன்: எங்கள் காட்டுக்கு விஎச்எஃப் செட்தான், அதாவது அலை நீளம் கூடிய வகைதான், சரி. பெட்டியில் போட்டிருக்கும் கிலோமீற்றரையும் வாட்டையும் பார்த்து வாங்க வேண்டாம்.

அந்தக் கிலோமீற்றர் எங்கிருந்து வருகிறது என்று விளங்கிக்கொண்டால் பாதிக் காசு மிச்சம். சின்னச் செட்டுப் பெட்டியில் 10 கிலோமீற்றர் என்று இருக்கும். அமெரிக்கச் சந்தைக்குச் செய்யும் சிலவற்றில் 35 மைல் என்றுகூடப் போட்டிருப்பார்கள். ஒருவர் மலை உச்சியில் நிற்க, இடையில் ஒரு தடையும் இல்லாமல் இன்னொருவரோடு பேசும் கணக்கு அது. சமதரையில் ஒன்றரை மீற்றர் உயரத்தில், அதாவது வாய்க்கு நேராக, செட்டைப் பிடித்தால் ரேடியோ அலைக்கு அடிவானம் ஏறக்குறைய 5 கிலோமீற்றரில் முடிந்துவிடும். இரண்டு பக்கத்தையும் கூட்டினால் 10. நிலாவெளிக் கடற்கரையில் இந்தத் தலைக்கும் அந்தத் தலைக்கும் நின்று பேசினால் அதற்குக் கிட்ட வரலாம். பாலையும் வீரையும் முதிரையும் நெருங்கி நிற்கிற காட்டுக்குள் ஒரு கிலோமீற்றர் தெளிவாகக் கேட்டாலே அது நல்ல செட்.

வாட் விஷயமும் இப்படித்தான். 4 வாட் செட்டை வைத்துவிட்டு 8 வாட் செட் எடுத்தால் சிக்னல் பலத்தை அளக்கிற கணக்கில் கூடுவது வெறும் 3 டெசிபெல். காட்டுக்குள் அந்த வித்தியாசம் மட்டுமட்டாகத்தான் தெரியும், பற்றரி மட்டும் வேகமாக இறங்கும். அதே காசுக்கு நல்ல நீட்டு அன்ரனா ஒன்று வாங்கிப் பூட்டுங்கள். அன்ரனா நேராக வானத்தைப் பார்த்து நிற்கட்டும். இடுப்பில் செருகியபடி மைக்கில் மட்டும் பேசினால் உடம்பே அலையில் பாதியைக் குடித்துவிடும். சரியாகக் கேட்கவில்லை என்றால் பக்கத்தில் ஒரு கற்பாறை இருக்கிறதா என்று பார்த்து ஏறி நின்று பேசுங்கள். நாலு மீற்றர் உயரம் செய்கிற வேலையை எந்த விலை கூடிய செட்டும் செய்யாது.

சரி, ஏன் விஎச்எஃப்? 150 மெகாஹெர்ட்ஸ் அளவில் அலையின் நீளம் 2 மீற்றர். சந்தையில் கூடுதலாகக் கிடைக்கிற யூஎச்எஃப் செட்டுகள் 400 மெகாஹெர்ட்ஸுக்கு மேலே வேலை செய்பவை, அவற்றின் அலை 70 சென்ரிமீற்றருக்குக் கிட்ட. இலையும் கிளையும் இந்தக் குட்டை அலையைக் கூடுதலாக விழுங்கும். இலை நனைந்திருந்தால் இன்னும் மோசம். ஆவணியில் காடு காய்ந்து கிடக்கும்போது யூஎச்எஃப்பில் நன்றாகப் பேசிய அதே ஒற்றையடிப் பாதையில், மழை முடிந்து தையில் போனால் வெறும் இரைச்சல்தான் கேட்கும். விஎச்எஃப்பும் மழையில் குறையத்தான் செய்யும், ஆனால் ஆளைக் கைவிடாது. கட்டடங்களுக்குள் கதை மாறும். ஹோட்டல், வைத்தியசாலை, சந்தைக் கட்டடம் போன்ற இடங்களில் கதவு ஜன்னல் இடுக்குகளால் புகுந்து போவதில் யூஎச்எஃப் கெட்டி. காவலாளிகள் கையில் அதுவே இருப்பதற்கு இதுதான் காரணம். அதனால் கடைக்காரர் முதலில் எடுத்து வைப்பதும் அதுவாகத்தான் இருக்கும். நீங்கள் காட்டுக்குத்தான் வாங்குகிறீர்கள் என்பதை வாய் திறந்து சொல்ல வேண்டும்.

இனி, நான் கையில் வைத்துப் பார்த்த செட்டுகள்.

மோட்டோரோலா டி82 எக்ஸ்ட்ரீம் 446 மெகாஹெர்ட்ஸ் செட், அரை வாட், 16 சனல். தண்ணீர் தெறித்தால் தாங்கும், முக்கி எடுக்கக் கூடாது. கையில் பிடிக்க நன்றாக இருக்கிறது, பிள்ளைகள் உடனே பழகிவிடுவார்கள். எனக்குப் பிடித்த விஷயம், இதன் பற்றரியைக் கழற்றிவிட்டு மூன்று ஏஏ பற்றரி போடலாம். புல்மோட்டையில் எந்தச் சின்னக் கடையிலும் அது கிடைக்கும். முகாம் போட்ட இடத்தில் விறகுக்குப் போகிறவருக்கும் சமைக்கிறவருக்கும் இடையே பேச இது தாராளம். முன்னுக்கும் கடைசிக்கும் இடையே நீண்டு போகிற வரிசைக்குப் போதாது. அரை வாட் என்பதால் மட்டும் இல்லை, அன்ரனாவைக் கழற்றி வேறு போட முடியாது.

பாவோஃபெங் பிஎஃப்-888எஸ் விலை குறைந்தது, எங்கும் கிடைப்பது. திரை கிடையாது. மேலே இரண்டு குமிழ்: ஒன்று சத்தத்துக்கு, மற்றது சனலுக்கு. ரோச்சும் உண்டு. கண்ணாடி இல்லாமல் எழுத்து வாசிக்க முடியாத எங்கள் மாமா ஒருவருக்கு இதைத்தான் பிடிக்கும். குமிழைத் திருகினால் எத்தனையாவது சனல் என்று அதுவே வாய்விட்டுச் சொல்லும். அந்த எளிமைக்காக நான் இதை மதிக்கிறேன். ஆனால் இது யூஎச்எஃப் மட்டும். விஎச்எஃப்பில் இப்படி இரண்டு குமிழோடு, திரை இல்லாமல் ஒரு செட் இருந்தால் வேறு யோசனையே இல்லாமல் அதை வாங்குவேன்.

இப்போது முன்னுக்கும் கடைசிக்கும் நான் கொடுப்பது பாவோஃபெங் யூவி-5ஆர். விஎச்எஃப், யூஎச்எஃப் இரண்டும் இதில் உண்டு. 136 முதல் 174 மெகாஹெர்ட்ஸ் வரை விஎச்எஃப் பக்கம். அன்ரனாவைக் கழற்றி நீட்டு அன்ரனா போடலாம், மேலதிக பற்றரி தனியாக வாங்கலாம். இந்த இரண்டும் காட்டில் பெரிய விஷயம். கவனிக்க வேண்டியது அதன் பொத்தான்கள். முன்பக்கம் முழுக்க எண்கள் இருப்பதால், பையில் இடித்தோ விரல் பட்டோ அலைவரிசை மாறிவிடும். பக்கத்தில் இருக்கும் பொத்தானைத் தொட்டால் எஃப்எம் பாடத் தொடங்கும், அதையே அழுத்திப் பிடித்தால் அபாய ஒலி அலறும். ஆகவே கையில் கொடுக்கும் முன் ஹாஷ் பொத்தானை இரண்டு செக்கன் அழுத்திப் பிடித்துப் பூட்டிவிட வேண்டும். திரையில் சின்னச் சாவி அடையாளம் வந்ததா என்று பார்த்த பிறகுதான் நான் செட்டைக் கைமாற்றுவேன். சனல்களைக் கையால் பதிவது பெரும் வேலை. கேபிள் ஒன்று வாங்கி, இலவசமாகக் கிடைக்கும் சிர்ப் மென்பொருளால் கணினியில் ஒருமுறை பதிந்து, எல்லாச் செட்டுக்கும் அதையே ஏற்றிவிடுங்கள். மழைக்கு இது ஏற்ற செட் இல்லை. தடித்த பொலித்தீன் பை எப்போதும் கூட வேண்டும்.

கோட் என்று ஒரு வசதி எல்லாச் செட்டிலும் வரும். அதைப் போட்டால் நாம் பேசுவது வேறு யாருக்கும் கேட்காது என்று பலர் நம்புகிறார்கள். அது தவறு. கோட் போடாத எந்தச் செட்டிலும் உங்கள் பேச்சு தெளிவாகக் கேட்கும். மற்றவர் பேச்சு உங்கள் காதில் விழாமல் தடுப்பது மட்டும்தான் அதன் வேலை. இதில் ஒரு ஆபத்தும் இருக்கிறது. மூன்று செட்டில் கோட் இல்லாமல் ஒன்றில் மட்டும் இருந்தால், அந்த ஆள் பேசுவது எல்லாருக்கும் கேட்கும், மற்றவர்கள் கூப்பிடுவது அவருக்குக் கேட்காது. அவர் காட்டுக்குள் நிம்மதியாக நடந்துகொண்டே இருப்பார். காட்டுக்குப் போகும் செட்டுகளில் கோட் எல்லாவற்றையும் நிறுத்திவிடுங்கள். டிஜிட்டல் செட்டும் எங்களுக்கு வேண்டாம். அனலொக்கில் தூரம் கூடக்கூட இரைச்சல் ஏறும், “கொஞ்சம் நில்லுங்கோ” என்பதை இரைச்சலுக்குள்ளும் பிடித்துவிடலாம். டிஜிட்டலில் ஓர் எல்லை வரை சுத்தமாகக் கேட்டுவிட்டு, அதைத் தாண்டியதும் ஒரே அடியாக நின்றுவிடும்.

ஒரு முறைப்பாடும் உண்டு. நகரில் ஒரு கடையில், தூர எல்லையே இல்லாத வோக்கி என்று சொல்லி ஒரு செட்டை எங்கள் குழுத் தம்பிக்கு விற்றுவிட்டார்கள். பின்பக்கம் திறந்தால் சிம் போடுகிற இடம். அது ஃபோன் வலையமைப்பில் ஓடுகிற செட். கொழும்பில் இருக்கிறவரோடு பேசலாம், உண்மைதான், ஆனால் ஃபோன் வேலை செய்யாத இடத்தில் அதுவும் வெறும் பெட்டி. காட்டுக்கு என்று தெளிவாகச் சொல்லித்தான் தம்பி கேட்டிருக்கிறார். திருப்பிக் கொடுக்கப் போனபோது பெட்டி திறந்தாயிற்று என்று மறுத்துவிட்டார்கள். இப்படி விற்பது பெரிய அநியாயம், ஒரு பிள்ளை வழி மாறிப் போகிற அன்று இதன் விலை காசு கணக்கில் முடியாது. கொழும்பு முதலாம் குறுக்குத் தெருவில் வாங்கினாலும் சரி, ஊரில் வாங்கினாலும் சரி, சிம் போடும் இடம் இருக்கிறதா என்று முதலில் திறந்து பாருங்கள்.

அனுமதி விஷயத்தைக் கடைகளில் யாரும் தானாகச் சொல்வதில்லை. 1991 ஆம் ஆண்டின் 25 ஆம் இலக்கத் தொலைத்தொடர்புகள் சட்டத்தின் கீழ், ரேடியோ செட் வைத்திருக்கவும் பாவிக்கவும் தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தல் ஆணைக்குழுவின் அனுமதி வேண்டும். எந்த அலைவரிசையில் பேசுவது என்பதும் அவர்கள் தருவதுதான், எங்களுக்கு விருப்பமானதைப் பதிந்து பேச முடியாது. யூவி-5ஆர் போன்ற செட் பொலிஸ், கடற்படை, விமானப் பக்கம் போகும் அலைவரிசைகளையும் தொடக்கூடியது என்பதால் இதில் விளையாட்டு இல்லை. கடற்படைத் தளம் இருக்கிற ஊர் எங்களுடையது. போர்க்காலத்தில் வோக்கி கையில் அகப்பட்டால் என்ன நடந்திருக்கும் என்று இங்கே பெரியவர்களுக்குச் சொல்லிக் கொடுக்கத் தேவையில்லை. இன்றைக்கும் ஒரு அம்மா அதைத் தொடவே பயப்படுகிறார். அந்தப் பயத்துக்கு நான் மரியாதை கொடுக்கிறேன். அனுமதிக் கடிதத்தின் பிரதி ஒவ்வொரு செட்டோடும் அதே பைக்குள் இருக்கும். செட் வாங்கும் முன்பே விண்ணப்பத்தை முடித்துவிடுங்கள், கட்டணத்தையும் செட்டின் விலையோடு சேர்த்தே கணக்குப் போடுங்கள்.

காதுக் கருவி வாங்கக் காசு பார்க்க வேண்டாம். இந்த வருடப் பாலைப்பழத்துக்குப் போனபோது, முன்னுக்குப் போன அண்ணை பாதையில் சூடு ஆறாத யானை லத்தியைக் கண்டார். நின்ற இடத்திலேயே, குரலை ஏற்றாமல், “அக்கா, நில்லுங்கோ. ஆள் பக்கத்தில நிக்கிறார்” என்றார். எனக்குக் காதுக்குள் மட்டும் கேட்டது. கை காட்டினேன், தாய்மார் பிள்ளைகளை இழுத்துக்கொண்டு இருந்த இடத்தில் குந்தினார்கள். கடைசித் தம்பி “ஓம்” என்று மட்டும் சொன்னார். வலப்பக்கம் கிளை முறிகிற சத்தம் கேட்டது, பிறகு தூரப் போனது. ஒலிபெருக்கியில் அந்தப் பேச்சு கணீரென்று வந்திருந்தால் யானைக்கும் கேட்டிருக்கும். யூவி-5ஆர், 888எஸ் இரண்டுக்கும் ஒரே இரண்டு முனைக் காதுக் கருவி பொருந்தும், விலையும் குறைவு. பாலைப்பழத்துக்குக் கரடியும் வரும் என்பதை மறக்க வேண்டாம்.

பேசும் முறையும் செட் அளவுக்கு முக்கியம். பொத்தானை அழுத்தி ஒரு செக்கன் பொறுத்துப் பேசுங்கள், இல்லாவிட்டால் முதல் சொல் வெட்டுப்படும். “போக வேண்டாம்” என்பதில் எது வெட்டுப்பட்டாலும் ஆபத்து. கச்சான் காற்று அடிக்கிற நாட்களில் காற்றுக்கு முதுகைக் காட்டி, மைக்கை உள்ளங்கையால் மறைத்துப் பேச வேண்டும். வாய்ச் சத்தத்தில் தானாகத் திறக்கும் வொக்ஸ் வசதியை நிறுத்திவிடுங்கள். காற்றுக்கும் அது திறந்துகொண்டு சனலை அடைத்துவிடும்.

காசு மட்டு என்றால், இரண்டு விஎச்எஃப் செட் வாங்கி முன்னுக்கும் கடைசிக்கும் கொடுங்கள். நடுவில் இருப்பவர்களுக்குப் பிறகு வாங்கலாம். செட்டுக்கு ஒரு மேலதிக பற்றரி கட்டாயம், அதை வெயிலில் நிற்கிற வாகனத்துக்குள் விட்டுவிட்டு வரக் கூடாது. நாங்கள் அடுத்ததாகச் சேர்த்தது வீதியோரம் வாகனத்தில் நிற்கிறவருக்கு ஒரு செட். அவருக்கு ஃபோன் சிக்னல் உண்டு. காட்டுக்குள் யாருக்காவது பாம்பு கடித்தாலோ கால் பிரண்டாலோ நாங்கள் வோக்கியில் சொல்ல, அவர் 1990 சுவசெரிய அம்புலன்ஸை அழைப்பார். அவருடைய செட்டுக்கு வாகனக் கூரையில் காந்தத்தால் ஒட்டுகிற அன்ரனா ஒன்று போட்டிருக்கிறோம். கையில் வைத்துப் பேசினால் எட்டாத வளைவுகளுக்கு அப்பால் இருந்தும் இப்போது அவரைப் பிடிக்க முடிகிறது.