நிலைப்புள்ளி எண் அணிகள்: நம்பையும் எஃப்எக்ஸ்பிமேத்தும், நெடுநாள் பயன்பாட்டுக்குப் பின்

சென்சார் சிக்னலை வடிகட்டும் ஃபில்டரைப் பைத்தானில் எழுதிச் சரிபார்த்து, பிறகு அதைக் கார்டெக்ஸ்-எம்0 வகை மைக்ரோகன்ட்ரோலரில் ஏற்றுவது என் வேலை. அந்தச் சில்லில் மிதவைப்புள்ளிக் கணக்குக்கான வன்பொருள் இல்லாததால், எண்களை க்யூ15 வடிவில், அதாவது 16 பிட்டில் 15 பிட்டைப் பின்னத்துக்கு ஒதுக்கி, -1 முதல் ஏறத்தாழ 0.99997 வரை மட்டுமே அடங்கும் நிலைப்புள்ளி வடிவில் வைத்துக்கொள்கிறோம். பைத்தான் பக்கம் இதற்காக, நிலைப்புள்ளி எண்களைக் கையாளும் எஃப்எக்ஸ்பிமேத் (fxpmath) நூலகத்தையும், எண் அணிக் கணக்குகளுக்கான நம்பை (NumPy) நூலகத்தின் வெறும் முழு எண் அணிகளையும் சில ஆண்டுகளாக மாற்றி மாற்றிப் பயன்படுத்தி வருகிறேன்.

வடிவமைப்புக் கட்டத்தில் எஃப்எக்ஸ்பிமேத்துக்கு ஈடில்லை. ஃபில்டர் குணகங்களை ஓர் அணியாகக் கொடுத்து, எத்தனை பிட், அதில் பின்னத்துக்கு எத்தனை என்று சொன்னால் போதும். எல்லை மீறியதா, துல்லியம் குறைந்ததா என்பதை அதுவே குறித்துவைக்கிறது. ஆனால் அதன் இயல்பு அமைப்பு எண்களை முழுமையாக்காமல் வெட்டுகிறது என்பதைத் தொடக்கத்திலேயே தெரிந்துகொள்வது நல்லது. க்யூ15 வடிவுக்கு மாற்ற 0.1 என்பதை 32768 ஆல் (2 இன் 15 ஆம் அடுக்கு) பெருக்கினால் 3276.8 வரும், இயல்பு அமைப்பில் அது 3276 ஆகிவிடும், முழுமையாக்கச் சொன்னால்தான் 3277 கிடைக்கும். இன்னொன்று, அது ஒவ்வொரு கணக்கிலும் விடைக்குத் தேவையான அகலத்தைத் தானே கூட்டிக்கொள்கிறது: இரண்டு 16 பிட் எண்களைப் பெருக்கினால் 32 பிட், கூட்டினால் 17 பிட். கணிதப்படி இது சரிதான். ஆனால் ஒரு சுழற்சிக்குள் தொடர்ந்து கூட்டினால் அகலம் வளர்ந்துகொண்டே போகும். சில்லில் எண்ணை வைத்திருக்கும் பதிவகமோ அப்படி வளர்வதில்லை. பெரிய அணிகளில் வேகமும் நம்பையைவிட மிகக் குறைவு.

ஆகவே சில்லோடு பிட்டுக்குப் பிட் ஒத்துப்போக வேண்டிய சோதனைகளை நம்பையிலேயே எழுதுகிறேன். அங்கே வடிவம் மட்டும் ஒத்திருந்தால் போதாது, எந்த இடத்தில் வெட்டுகிறோம் என்பதும் ஒத்திருக்க வேண்டும். கார்டெக்ஸ் சில்லுகளுக்கான சிக்னல் கணக்கு நூலகமான சிஎம்எஸ்ஐஎஸ்-டிஎஸ்பியின் (CMSIS-DSP) க்யூ15 ஃபிர் (FIR) ஃபில்டர், உள்ளீட்டு எண்களைக் குணகங்களால் பெருக்கிக் கிடைக்கும் பெருக்கற்பலன்களையெல்லாம் 64 பிட் அக்யுமுலேட்டரில், அதாவது கூட்டுத்தொகையைச் சேர்த்துவைக்கும் இடத்தில், முழுதாகச் சேர்த்து, கடைசியில் ஒரே ஒருமுறை வலப்பக்கம் நகர்த்திக் கீழ் 15 பிட்டை நீக்கி, எல்லைக்குள் அடக்குகிறது. பைத்தானில் ஒவ்வொரு பெருக்கலுக்குப் பின்னும் வெட்டினால் கடைசிப் பிட்டுகள் மாறிவிடும். அது மட்டுமன்றி, வலப்பக்க நகர்த்தல் எதிர்ம எண்களையும் கீழ்நோக்கியே தள்ளுவதால், விடை முழுவதும் சற்றே எதிர்மப் பக்கம் சாய்ந்துவிடும்.

நம்பையோ எச்சரிக்காமலே தவறு செய்ய இடம் தரும். 16 பிட் அணிகளைக் கூட்டும் சம் செயற்கூறு பொதுவாக 64 பிட்டில் கூட்ட, இரண்டு அணிகளை உறுப்புக்கு உறுப்பு பெருக்கிக் கூட்டும் டாட் செயற்கூறு 16 பிட்டிலேயே நின்று, எல்லை மீறினால் சத்தமில்லாமல் மறுமுனைக்குச் சுற்றிக்கொள்கிறது. எனவே முதல் வரியிலேயே 64 பிட்டுக்கு மாற்றிவிடுவது என் வழக்கம். க்யூ15 இல் -1 என்பது -32768 ஆக இருக்கும்; அதை அதனாலேயே பெருக்கி 15 பிட் வலப்பக்கம் நகர்த்தினால் 32768 வரும். அதை 32767 க்கு அடக்காமல் 16 பிட்டாக மாற்றினால் -32768, அதாவது மீண்டும் -1. ஒரே ஓர் எண்ணில் குறி புரண்டாலும் சிக்னலில் முள்போல ஓர் உச்சம் எழுந்து நிற்கும்.

2024 இல் வந்த நம்பை 2.0 பழைய நிரல்களைச் சற்று ஆட்டிவைத்தது. 16 பிட் அணியுடன் 40000 ஐக் கூட்டினால் முன்பு விடை தானாக 32 பிட்டுக்கு உயர்ந்தது; இப்போது பிழை எழுகிறது. எரிச்சல்தான் என்றாலும், இந்த வேலைக்கு அதுவே பாதுகாப்பு.

எஃப்எக்ஸ்பிமேத் மீது எனக்கிருக்கும் பெரிய குறை, எல்லை மீறல் குறியீடு அணி முழுவதற்கும் ஒன்றாகவே இருக்கிறது என்பதுதான். எந்த உறுப்பு மீறியது என்பது அதில் தெரிவதில்லை. அதற்காக, அடக்குவதற்கு முன் 64 பிட் அணியில் எல்லையைத் தாண்டிய இடங்களின் வரிசை எண்களைத் தனியே எடுத்துப் பதிவுசெய்யும் ஒரு சிறு செயற்கூற்றை எழுதி, எல்லாச் சோதனைகளிலும் சேர்த்து ஓட்டுகிறேன்.