சானி கணவாய்க்கு மேலே ஒரு பனி நாள்: வழிகாட்டிச் சேவை எப்படி?

ஜூலையில், தென்னாப்பிரிக்காவில் அது குளிர்காலம், நானும் மச்சானும் டர்பன் சாட்ஸ்வொர்த்திலிருந்து இருட்டோடு கிளம்பிப் போனோம். கணவாய் உச்சி 2,876 மீட்டர். லெசோத்தோ எல்லை, பாஸ்போர்ட்டை மறக்காதீர்கள்.

கொடுத்த காசுக்கு அந்தப் பனிக்குழிப் பாடம் ஒன்றே போதும். வழிகாட்டி சரிவில் குழி வெட்டி, சுவரைச் செதுக்கி, என்னை அழுத்திப் பார்க்கச் சொன்னார். மேலடுக்கில் ஒரு விரல்தான் நுழைந்தது. காற்றடித்துப் பலகைபோல் இறுகிய பனி. அதற்குக் கீழே முஷ்டியே உள்ளே போனது. கையில் எடுத்தால் சர்க்கரையாய் உதிர்ந்தது. அந்த உதிரிமேல் பலகை உட்கார்ந்திருந்தால் நம் எடை பட்டதும் வழுக்கிவிடுமாம். சரிவை அளந்தார்: 35 பாகை. இப்படிப்பட்ட பனிச்சரிவுகள் பெரும்பாலும் 30க்கும் 45க்கும் இடையில்தான் நடக்கும் என்று சொல்லி, உச்சியை விட்டுவிட்டுச் சமவெளிப் பக்கமாகக் கூட்டிப்போனார். மச்சானுக்கு வருத்தம்தான். எனக்கு அவர்மேல் மரியாதை கூடியது.

ஒரு குறை. பனியில் புதைந்தால் நம்மைக் கண்டுபிடிக்க வாடகைக்குத் தந்த தேடுகருவிகளில் ஒன்றில் பேட்டரி பாதிக்கும் கீழே இருந்தது. புதைந்தவரைப் பதினைந்து நிமிஷத்துக்குள் தோண்டி எடுத்தாக வேண்டும், இதில் அசட்டை கூடவே கூடாது. கேட்டதும் மாற்றித் தந்தார்கள். போகிறவர்கள் ஒவ்வொரு கருவியையும் போட்டுப் பார்த்துவிட்டு வண்டி ஏறுங்கள்.