ரீயூனியனுக்கு "ஆறே மணி நேரம்" என்று டிக்கெட் விற்கிறார்கள், உஷார்

சொந்தக்காரர்களைப் பார்க்க, இந்தியப் பெருங்கடலில் பிரான்சுக்குச் சொந்தமான ரீயூனியன் தீவுக்கோ பாரிசுக்கோ கிளம்பும் புதுச்சேரி, கடலூர்க்காரர்கள் பணம் கட்டும் முன் இதைப் படித்துவிடுங்கள்.

புதுச்சேரியில் ஒரு குடும்பத்துக்கு ஏஜென்ட் செல்போனில் காட்டியது: சென்னை–ரீயூனியன் 4,600 கி.மீ., பறக்கும் நேரம் 6 மணி. கணக்கு தப்பில்லை. இரண்டு விமான நிலையங்களுக்கு நடுவே நேர்கோடு போட்டு, மணிக்கு 850 கி.மீ. என்று வகுத்து, ஏறி இறங்க அரை மணி சேர்த்தால் அதுதான் வரும். அந்தக் கோட்டில் விமானம் ஓடுகிறதா என்பது அதில் இருக்காது.

கைக்கு வந்த டிக்கெட் பாரிஸ் வழி. சென்னையிலிருந்து பாரிஸ் 8,000 கி.மீ.; அங்கிருந்து ரீயூனியன் 9,300 கி.மீ.க்கு மேல், அதற்கே பதினொரு மணி நேரம். இறங்குவது சார்ல் த கோல் விமான நிலையத்தில், அடுத்த விமானம் ஓர்லி விமான நிலையத்தில். பாரிசுக்கு வடக்கே ஒன்று, தெற்கே ஒன்று. இரண்டு டிக்கெட்டுக்கும் தனித்தனி பி.என்.ஆர். (முன்பதிவு எண்), அதனால் பெட்டிகளை எடுத்துக்கொண்டு, இமிக்ரேஷன் முடித்து வெளியே வந்தாக வேண்டும். பிரெஞ்சு பாஸ்போர்ட் இருந்தால் அலைச்சலோடு போகும். இந்திய பாஸ்போர்ட்டுக்கு வெளியே வரவே ஷெங்கன் விசா (பல ஐரோப்பிய நாடுகளுக்கான பொது விசா) வேண்டும். ரீயூனியனோ ஷெங்கனில் சேராது. அந்த விசா அங்கே தானாகச் செல்லாது. அந்த வீட்டில் மாமியாருக்கு மட்டும் இந்திய பாஸ்போர்ட். சென்னை கவுண்டரிலேயே அவரை நிறுத்திவிட்டார்கள். ஏஜென்ட், "இது ரீஃபண்ட் இல்லாத டிக்கெட்" என்று கைவிரித்துவிட்டார்.

தனித்தனி டிக்கெட்டில் இன்னொரு ஆபத்து: முதல் விமானம் தாமதமானால் இரண்டாவது டிக்கெட் வீண். ஒரே டிக்கெட்டாக இருந்தால் அடுத்த விமானத்தில் ஏற்றிவிடுவது விமான நிறுவனத்தின் பொறுப்பு.

பாரிஸ் பயணத்தில் ஏமாற்று வேறு மாதிரி. "அதிகாலை 2.00 புறப்பாடு, பகல் 1.30 இறக்கம், பதினொன்றரை மணி நேரம்" என்பார்கள். இரண்டும் அந்தந்த ஊர் நேரம். பாரிஸ் நம்மைவிடக் கோடையில் மூன்றரை மணி, குளிர்காலத்தில் நாலரை மணி பின்னால். ஆக உண்மையான பயணம் 15 அல்லது 16 மணி. வளைகுடா நாட்டில் விமானம் மாறிப் போவதால் தூரம் பெரிதாக அதிகரிப்பதில்லை. நேரத்தைத் தின்பது நடுவழிக் காத்திருப்புதான். அதைத்தான் மறைக்கிறார்கள்.

வீட்டிலிருந்து கிளம்பும் நேரத்தையும் யாரும் சொல்வதில்லை. 12ஆம் தேதி அதிகாலை 2 மணி விமானம் என்றால் 11ஆம் தேதி இரவு 11 மணிக்குள் மீனம்பாக்கத்தில் இருக்க வேண்டும். புதுச்சேரியிலிருந்து மாலை 7 மணிக்கு, கடலூரிலிருந்து 6 மணிக்குக் கிளம்புங்கள். வார இறுதியில் செங்கல்பட்டு–தாம்பரம் நெரிசலுக்கு இன்னும் ஒரு மணி நேரம் கூட்டிக்கொள்ளுங்கள். தேதியைத் தப்பாக எண்ணி, 12ஆம் தேதி ராத்திரி வந்து நிற்பவர்கள் நிறைய.

ரீயூனியன் என்றால் முதலில் மொரீஷியஸ் வழி கிடைக்குமா என்று கேளுங்கள். அங்கிருந்து முக்கால் மணிப் பறப்புதான். எந்த வழியானாலும் ஒவ்வொரு கட்டத்தின் விமான எண், விமான நிலையப் பெயர், காத்திருப்பு நேரம் மூன்றையும் எழுத்தில் வாங்குங்கள். பி.என்.ஆர். ஒன்றா, பெட்டி கடைசி ஊர் வரை போகுமா என்று விமான நிறுவனத்தின் தளத்திலோ போனிலோ நீங்களே பாருங்கள். ஏஜென்ட் அனுப்பும் ஸ்கிரீன்ஷாட்டை நம்பாதீர்கள். பணத்தை ரொக்கமாகக் கொடுக்காமல் வங்கி வழியாகக் கட்டி பில் வாங்குங்கள். ஏற்கெனவே மாட்டியிருந்தால், அந்த பில்லோடு வாட்ஸ்அப் பேச்சையும் அழிக்காமல் வைத்து, தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார் பதியுங்கள்.