கனவு நாட்டுக்கு அரசனாக வெண்பாவா, புதுக்கவிதையா?

கவியரங்கத்தில் 'நான் அரசனானால்' என்று தலைப்புக் கொடுத்ததிலிருந்து தர்மபுரி நண்பர்கள் இருவர் இதையே கேட்கிறார்கள். இலக்கணக் கட்டுள்ள வெண்பா, அது இல்லாத புதுக்கவிதை, இரண்டிலும் எழுதிப் பார்த்தவன் என்பதால் சொல்கிறேன்.

உழைப்பு
வெண்பா: நாலு வரிக்கு ஒரு ராத்திரி போகும். கடைசி வரி மூன்றே சீர் (செய்யுளின் சொல் அளவு), முடிவு நாள், மலர், காசு, பிறப்பு என்ற நான்கு ஓசை அச்சுகளில் ஒன்று. தர்மபுரியின் பழைய பெயரை வைத்து 'தகடூர் மன்னன்' என்று ஆசையாக எழுதினேன், தளை தட்டியது, அதாவது சீரோடு சீர் சேரும் விதி பிசகியது. 'தகடூர்' மாதிரி மாச்சீருக்குப் பின் 'அர' மாதிரி நிரையசை வர வேண்டுமே, 'மன்' நேரசை! 'தகடூர் அரசன்' என்று மாற்றியதும் சரியானது. அரியணை ஏறவே இலக்கணத்திடம் அனுமதி வாங்க வேண்டியிருக்கிறது.
புதுக்கவிதை: டீ ஆறுவதற்குள் முடிசூடலாம்.

கற்பனை
புதுக்கவிதை: ஒகேனக்கல் அருவி மேல்நோக்கிப் பாயலாம், கிருஷ்ணகிரி மாம்பழத்தை வரியாக வாங்கலாம், யாரும் கேட்க மாட்டார்கள். ஆனால் தடுக்க ஆளில்லாததால் நாடு விரிந்துகொண்டே போகும், என் முதல் முயற்சி மூன்று பக்கம் ஓடிப் பாதியில் நின்றது.
வெண்பா: சின்ன நாடு, ஆனால் எல்லை உண்டு.

மனத்தில் நிற்பது
வெண்பாதான். வரிகளின் இரண்டாம் எழுத்து ஒன்றி வரும் எதுகை கையைப் பிடித்து அடுத்த வரிக்குக் கூட்டிப்போகும். தகடூரை ஆண்ட அதியமான் தந்த நெல்லிக்கனியை, வெண்பாவைவிட விதி தளர்ந்த மரபுப் பாவான ஆசிரியப்பாவில் ஔவை பாடிய பாட்டும் இன்றுவரை நிற்கிறதே.

மேடையில் தாளில்லாமல் சொல்லப் போகிறவர் வெண்பா எழுதுங்கள், ஒரு வாரமாவது கையில் இருந்தால். நாளைக்கே அரங்கம், அல்லது அரண்மனையைத் தூண் தூணாக வர்ணிக்க ஆசை என்றால் புதுக்கவிதை. இரண்டுக்கும் நடுவே வேண்டுமா? ஆசிரியப்பா. அதில் 'தகடூர் மன்னன்' தாராளமாக உட்காருவான்.