பழைய 50 மி.மீ. லென்ஸுக்கு எந்த ஹூட்: ரப்பரா, உலோகமா, கிளிப்பா?

ஒலிம்பஸ் ஓஎம் ஸூய்க்கோ 50 மி.மீ. எஃப் 1.8 லென்ஸுக்கு, பக்கவாட்டு ஒளியைத் தடுக்க முன்னால் மாட்டும் ஹூட் தேடியபோது மூன்று வழிகள் இருந்தன: லென்ஸின் முன்வளையத்து மரையில் திருகும் மடக்கு ரப்பர் ஹூட், அதே மரையில் ஏறும் உலோக ஹூட், லென்ஸின் வெளிவிளிம்பைக் கவ்வும் கிளிப் ஹூட். நான் வாங்கியது ரப்பர். இன்னொரு முறை வாங்கச் சொன்னாலும் அதைத்தான் எடுப்பேன்.

ஹூட் அவசியமா என்று நெடுநேரம் யோசிக்க வேண்டியதில்லை. இந்த ஸூய்க்கோவின் ஆரம்பகாலப் பிரதிகளில், கண்ணாடியின் பிரதிபலிப்பைக் குறைக்கும் பூச்சு ஒரே அடுக்குதான். பல அடுக்குப் பூச்சு பின்னால் வந்தது. பக்கவாட்டு வெயில் கண்ணாடியில் விழுந்தால் கான்ட்ராஸ்ட் போய், கறுப்பெல்லாம் சாம்பலாகிவிடும். சூரியன் ஃப்ரேமுக்குள்ளேயே இருந்தால் எந்த ஹூடும் கைகொடுக்காது. முன்கண்ணாடி ஆழத்தில் பதிந்திருக்கும் மேக்ரோ லென்ஸ்களுக்கு ஹூடே பெரும்பாலும் வேண்டாம்.

அழகு என்று பார்த்தால் உலோகம்தான், அதிலும் பக்கத்தில் துளை வெட்டியது. ஆனால் அந்தத் துளைகள், லென்ஸுக்கு வெளியே தனி ஜன்னல் (வியூஃபைண்டர்) வழியாகப் பார்க்கும் ரேஞ்ச்ஃபைண்டர் கேமராவுக்காக வந்தவை. வியூஃபைண்டரின் மூலையை ஹூட் மறைக்கும்போது துளை வழியாகக் கொஞ்சமாவது தெரியும். ஒலிம்பஸ் ஓஎம் போல லென்ஸ் வழியாகவே பார்க்கும் எஸ்எல்ஆர் கேமராவில் அது வெறும் அலங்காரம். மலிவான உலோக ஹூடில் உட்புறப் பூச்சையும் கவனிக்க வேண்டும். டார்ச் அடித்தால் உள்ளே பளபளவென்று மின்னுகிறதா? அப்படியென்றால் தடுக்க வேண்டிய ஒளியை அதுவே கண்ணாடிக்குள் தள்ளிவிடும்.

எனக்கு முடிவைத் தீர்மானித்தது இதெல்லாம் இல்லை, மரை. ஹூட் மாட்டிய லென்ஸில் முதலில் இடிபடுவது ஹூடின் விளிம்பு. உலோக ஹூட் வளைந்து கொடுக்காமல் வாங்கிய அடியை அப்படியே லென்ஸின் முன்வளையத்துக்குக் கடத்தும். ஹூட் நீளமானால் நெம்புகோல் போல அடி இன்னும் பலமாக இறங்கும். வளையம் ஒரு பக்கம் லேசாக நசுங்கினால் போதும், லென்ஸ் முன் திருகும் கண்ணாடியான ஃபில்டர் ஏறாது, மாட்டியிருந்த ஹூடும் கழலாது. நிமிர்த்தக் கருவி இருக்கிறதுதான், ஆனால் பூச்சு உதிர்ந்த தழும்பு போகாது. பழைய லென்ஸை விற்கப் போனால், வாங்குபவர் கண்ணாடிக்கு அடுத்தபடியாக விரலால் தடவிப் பார்ப்பது அந்த விளிம்பைத்தான். ரப்பரோ அடியைத் தான் வாங்கி நசுங்கி, மறுபடி பழைய உருவத்துக்கு வந்துவிடும்.

மரைக்கு இன்னொரு ஆபத்தும் உண்டு. இந்த லென்ஸின் 49 மி.மீ. மரையில் புரிக்குப் புரி இடைவெளி வெறும் 0.75 மி.மீ. கொஞ்சம் சாய்ந்து ஏறினாலே கடித்துக்கொள்ளும். அலுமினியத்தோடு அலுமினியம் சேர்ந்தால் இறுகியும் போகும். ரப்பர் ஹூடின் அடியிலும் உலோக வளையம்தான் இருக்கும், எனவே இந்த விஷயத்தில் அதற்குச் சலுகை கிடையாது. முதலில் பின்பக்கமாகச் சுற்றுங்கள். ‘டக்’கென்று புரி உட்காருவது கைக்குத் தெரியும். பிறகு முன்பக்கம் திருகுங்கள். இன்னும் கவலையாக இருந்தால் பழைய ஃபில்டர் ஒன்றின் கண்ணாடியைக் கழற்றிவிட்டு, வெறும் வளையத்தை இடையில் போட்டுவிடலாம். பித்தளை வளையம் கிடைத்தால் உத்தமம்.

ரப்பருக்கும் குறை இல்லாமல் இல்லை. தூசியை இழுத்து ஒட்டவைத்துக்கொள்ளும், நாளடைவில் வெள்ளை பூக்கும், மடிப்பில் விரிசல் விடும். விரிசல் விட்டால் புதிதாக வாங்கிக்கொள்ளலாம், அவ்வளவுதான். மடக்கிவிட்டால் லென்ஸின் நீளம் கொஞ்சம்தான் கூடும். சுமார் 170 கிராம் எடையுள்ள குட்டி லென்ஸை எடுத்துப் போவதே சிறிதாக இருக்கிறது என்பதற்காகத்தானே? லென்ஸ் மூடியை மட்டும் நடுவில் அழுத்தும் வகையாகப் பார்த்து வாங்குங்கள். ஓரத்தில் அழுத்தும் பழைய மூடியை ஹூடுக்குள் விரல் விட்டுக் கழற்றுவது பெரும்பாடு.

கிளிப் ஹூடை நான் அதிகம் புழங்கியதில்லை, ஆகவே அளவோடு சொல்கிறேன். மரையைத் தொடவே தொடாது, ஃபில்டருக்கு வழிவிடும். லைக்கா சம்மிக்ரான் 50 மி.மீ.க்கான 12585 ஹூட் இரண்டு ஸ்பிரிங் பொத்தான்களால் பிடித்துக்கொள்ளும், தலைகீழாகக் கவிழ்த்து லென்ஸ் மேலேயே வைத்துக்கொள்ளவும் முடியும். அப்படி அந்தந்த லென்ஸுக்கென்றே செய்த அசல் ஹூட் நல்ல நிலையில் கிடைத்தால் யோசிக்காமல் எடுத்துவிடலாம். விற்கும்போதும் லென்ஸோடு சேர்த்து மதிப்பு கூடும். பொதுவான கிளிப் ஹூட்கள் எல்லா விளிம்பிலும் உறுதியாக நிற்கும் என்று என்னால் உத்தரவாதம் தர முடியாது.

எதை வாங்கினாலும் ஃபோகஸை இன்ஃபினிட்டியில் (தொலைதூரக் குறியில்) வைத்து, ஒளி நுழையும் துவாரமான அபர்ச்சரை எஃப் 16-க்குச் சிறிதாக மூடி, வெளிர் வானத்தை ஒரு படம் எடுத்துப் பாருங்கள். ஹூட் ஃப்ரேமை வெட்டினால் மூலையில் கூர்மையாகத் தெரிந்துவிடும். அபர்ச்சர் திறந்திருந்தால் அது மங்கலாகி ஏமாற்றும். மூலை கறுத்திருந்தால் உடனே ஹூடைத் திருப்பி அனுப்ப வேண்டாம், அடியில் ஃபில்டர் இருந்தால் அதுவே ஹூடை முன்னே தள்ளியிருக்கலாம், அதைக் கழற்றிவிட்டு இன்னொரு படம் எடுங்கள்.