வேலைக்குப் போய்க்கொண்டே நாவல்: கூகுள் டாக்ஸ் எதுவரை தாங்கும்?

தாம்பரம்–கடற்கரை மின்சார ரயிலில் உட்கார இடம் கிடைத்தால் இருபது நிமிடம். மதியச் சாப்பாட்டுக்குப் பின் பத்து நிமிடம். வீடு அடங்கிய பிறகு கண் சொக்கும்வரை. வேலைக்குப் போகிறவரின் நாவல் இப்படித் துண்டு துண்டாகத்தான் வரும். அதனால் எழுதும் கருவியிடம் முதலில் பார்க்க வேண்டியது, போனில் விட்ட வரியை வீட்டு மடிக்கணினியில் அப்படியே பிடிக்க முடிகிறதா என்பதைத்தான். கூகுள் டாக்ஸில் முடிகிறது, காசும் கேட்பதில்லை. முதல் வரைவு முடியும்வரை அதைக் குறை சொல்லப் பெரிதாக ஒன்றுமில்லை. திருத்தத்தில் இறங்கும்போதுதான் தமிழுக்கும் அதற்கும் இடையில் எவ்வளவு தூரம் என்று தெரிகிறது.

நாளுக்கு 250 சொல், வாரத்துக்கு ஐந்து நாள் என்று வைத்தால் 48 வாரத்தில் 60,000 சொல் வரும். டெமி என்னும் வழக்கமான நாவல் அளவில் முந்நூறு பக்கத்தை ஒட்டிய புத்தகம். டாக்ஸில் ஒரு கோப்புக்கு 10.2 லட்சம் எழுத்துக்குறி வரம்பு உண்டு. நமக்கு ஓரெழுத்தான ‘கு’ கணினிக்கு இரண்டு குறி. ‘க்’கும் அப்படியே. இந்தக் கணக்கில் ஏறத்தாழ ஒரு லட்சம் சொல்லில் வரம்பு முட்டும். ஆனால் அதற்கு வெகு முன்பே, பாதி நாவலிலேயே, நடுத்தர விலை ஆண்ட்ராய்டு போன் திணறத் தொடங்கும். கோப்பு திறப்பதற்குள் அடுத்த ஸ்டேஷன் வந்துவிடும். நாவலைப் பாகம் பாகமாக, ஒவ்வொன்றும் 15,000 சொல்லுக்கு மிகாமல், தனித்தனிக் கோப்பாக வைப்பதே வழி. பெயரின் தொடக்கத்தில் 01, 02 என்று எண் இருந்தால் வரிசை கலையாது. அத்தியாயத் தலைப்புகளை வெறுமனே தடித்த எழுத்தாக்காமல் ‘ஹெடிங் 1’ பாணியில் வைக்க வேண்டும். அப்போதுதான் பக்கவாட்டில் அத்தியாயப் பட்டியல் வரும், போனிலும் ஒரே தட்டலில் ஏழாம் அத்தியாயத்துக்குத் தாவலாம்.

நெட் இல்லாத இடத்தில் எழுத, கோப்பின் மூன்று புள்ளி மெனுவில் ‘அவெய்லபிள் ஆஃப்லைன்’ என்பதை முன்கூட்டியே இயக்கி, நெட் இருக்கும்போது ஒருமுறை திறந்து பார்த்துவிடுவது நல்லது. போனில் ஆஃப்லைனில் எழுதியது மேலே ஏறுவதற்குமுன் மடிக்கணினியில் அதே பத்தியைத் தொட்டால் இரண்டும் கலந்து வாக்கியம் குழம்பும். வீட்டுக்கு வந்ததும் முதலில் போனில் கோப்பைத் திறந்து, ஏறிவிட்டதா என்று பார்த்த பிறகே கணினியில் உட்காரவும்.

இலவச இடம் 15 ஜிபி. நாவலின் எழுத்துக்கு அதில் ஒரு மூலைகூடத் தேவையில்லை. ஆனால் ஜிமெயில், போட்டோக்கள், ஆண்ட்ராய்டு போனின் வாட்ஸ்அப் பேக்கப் எல்லாம் அதே கணக்கில்தான் ஏறுகின்றன. அது நிரம்பினால் டாக்ஸில் புதிதாக எழுதவும் முடியாது, இருப்பதைத் திருத்தவும் முடியாது. குடும்பக் குழுவின் காலை வணக்க வீடியோக்கள் ஒரு நாவலை நிறுத்திவைக்கும் என்பது வேடிக்கையாக இருக்கலாம், ஆனால் நடக்கும். நாவலுக்கென்று தனி ஜிமெயில் கணக்கு திறப்பது ஐந்து நிமிட வேலை.

அலுவலகக் கணக்கிலோ அலுவலக மடிக்கணினியிலோ நாவலை வைக்கவே கூடாது. அந்தக் கணக்கின் சாவி நிறுவனத்தின் கையில் இருக்கிறது. வேலையை விடும் நாளில் கணக்கு மூடப்படும், உள்ளே இருப்பதை எடுக்க அவகாசம் கிடைக்காமலும் போகலாம்.

குரல்வழித் தட்டச்சு தமிழில் வேலை செய்கிறது. கணினியில் குரோம் உலாவி, கண்ட்ரோல்–ஷிப்ட்–எஸ், மொழிப் பட்டியலில் தமிழ். போனில் கீபோர்டிலேயே மைக் இருக்கிறது. விவரணைப் பகுதிகளுக்கு இது கைகொடுக்கும், உரையாடலுக்குக் கொடுக்காது. ‘வந்துட்டாவ’ என்று சொன்னால் அதற்குத் தெரிந்த ஏதோவொரு நல்ல தமிழாக்கிப் போடும். வல்லின ஒற்றுகளை விழுங்கும், சேர்த்து எழுத வேண்டியதைப் பிரிக்கும். முற்றுப்புள்ளியையும் காற்புள்ளியையும் கணினியில் கையால்தான் போட வேண்டும், சொல்லிப் போடவைக்கும் வசதி தமிழுக்கு இல்லை. ‘படித்துக் கொண்டிருந்தான்’ என்று பிரிந்தால் இரண்டு சொல், சேர்ந்தால் ஒன்று. ஆகவே குரலில் எழுதிய நாளின் சொற்கணக்கைப் பார்த்து ரொம்பவும் மகிழ வேண்டாம்.

முதல் வரைவில் சரிபார்க்க வேண்டிய இடம் வந்தால் நிற்காமல் ‘பபப’ என்று தட்டிவிட்டுப் போகலாம். எந்தத் தமிழ்ச் சொல்லிலும் வராத கூட்டு, கீபோர்டையும் மாற்ற வேண்டாம். பிறகு தேடினால் எல்லா ஓட்டைகளும் வரிசையாக வந்து நிற்கும்.

இனி தேடி மாற்றும் வசதி. தமிழ் நாவலாசிரியரை டாக்ஸ் கைவிடும் இடம் இதுதான். ‘முருகன்’ என்று தேடினால் ‘முருகனை’, ‘முருகனுக்கு’ அகப்படாது. கடைசிப் புள்ளி அங்கே இல்லையே! ‘முருக’ என்று தேட வேண்டும். பாத்திரத்தின் பெயரை மாற்றுவது இன்னும் வம்பு. கோமதியைச் சாந்தாவாக்க ஒரே அடியாக எல்லாவற்றையும் மாற்றினால் ‘கோமதியை’ என்பது ‘சாந்தாயை’ ஆகும், ‘கோமதிக்கு’ என்பது ‘சாந்தாக்கு’ ஆகும். முதலில் ‘கோமதிக்கு’ என்பதை ‘சாந்தாவுக்கு’ என்றும், அடுத்து ‘கோமதிய’ என்பதை ‘சாந்தாவ’ என்றும் மாற்றி, மிச்சமிருக்கும் ‘கோமதி’யைக் கடைசியில் ஒவ்வொன்றாகப் பார்த்து மாற்றவும். ‘கோமதீ’ என்று யாராவது கூப்பிட்டிருந்தால் அதைத் தனியாகத்தான் தேட வேண்டும்.

கண்ணுக்குத் தெரியாத சிக்கலும் உண்டு. ‘கௌரி’யைச் சிலர் ‘கெ’க்குப் பக்கத்தில் ‘ள’ போட்டு ‘கெளரி’ என்று தட்டுகிறார்கள். திரையில் பெரிதாக வித்தியாசம் தெரியாது, தேடலுக்கு இரண்டும் வேறு பெயர். ‘ஸ்ரீ’ என்ற எழுத்துக்கும் ஒருங்குறியில் (யூனிகோடில்) இரண்டு வடிவம் புழங்குகிறது. போனில் ஒரு கீபோர்டும் கணினியில் வேறொன்றுமாக எழுதுகிறவர்களின் கோப்பில் இரண்டும் கலந்தே கிடக்கும். மேற்கோள்குறியும் அப்படித்தான்: போனில் நேர்க்குறி விழும், கணினியில் டாக்ஸ் அதை வளைத்துவிடும். பதிப்பகத்துக்கு அனுப்புமுன் ஒன்றாக்கிவிடுங்கள்.

தமிழ்ப் பிழைதிருத்தத்துக்கு டாக்ஸை நம்ப வேண்டாம். எழுத்துப்பிழைக்கு வாணி, சந்திக்கு நாவி என்று இரண்டு இணையக் கருவிகள் இருக்கின்றன. அத்தியாயம் அத்தியாயமாக வெட்டி அங்கே ஒட்டிப் பார்க்கலாம். வட்டார வழக்கு உரையாடல் முழுவதையும் அவை பிழையென்று காட்டும். அது அவற்றின் குற்றமல்ல.

பழைய பதிப்பைத் திரும்ப எடுக்கும் ‘வெர்ஷன் ஹிஸ்டரி’ உண்மையிலேயே நல்ல வசதி. நள்ளிரவில் வெட்டி எறிந்த அத்தியாயம் காலையில் நன்றாகத் தோன்றினால் அங்கே போய் மீட்கலாம். ஆனால் பெயரிடாத பதிப்புகளைக் கூகுள் அவ்வப்போது ஒன்றாக்கிவிடும். பெரிய வெட்டுக்கு முன்னால் கணினியில் ‘இரண்டாம் வரைவு தொடக்கம்’ என்பதுபோலப் பெயரிட்டு வைக்கவும். ஒரு கோப்புக்கு 40 பெயர் வரை கொடுக்கலாம், நாவலுக்கு அது தாராளம்.

ஸ்க்ரிவனர் இதைவிடத் தேர்ந்த நாவல் கருவி என்பது உண்மை. காட்சிகளைச் சீட்டுபோல இடம் மாற்றலாம். ஆனால் ஆண்ட்ராய்டில் கிடையாது, ஆக ரயில் நேரம் போய்விடும். வார இறுதியில் மட்டும் எழுதுகிறவர் பார்க்கலாம்: அதன் 30 நாள் இலவசச் சோதனையில் திறந்த நாட்கள் மட்டுமே கணக்கு, சனி ஞாயிறாகப் பயன்படுத்தினால் பதினைந்து வாரம் ஓடும்.

கடைசியில் கோப்பு பதிப்பகத்துக்குப் போகும்போது இணைப்பை அனுப்பாதீர்கள். வேர்ட் கோப்பாக இறக்கி, கூடவே ஒரு பிடிஎஃப்பும் அனுப்புங்கள். எழுத்து உடைந்தால் மூலம் எப்படி இருந்தது என்று பார்க்க அது உதவும். அங்கே இன்னும் பாமினி போன்ற பழைய எழுத்துருவில் பக்கம் கட்டுகிறார்களா என்று முன்பே கேட்டுவிட வேண்டும். அவ்வெழுத்துருக்களில் தமிழ் வடிவங்கள் ஆங்கில எழுத்துகளின் இடத்தில் உட்கார்ந்திருப்பதால், நாவலில் வரும் ஆங்கிலச் சொல் ஒவ்வொன்றும் பொருளற்ற தமிழாகி நிற்கும். பக்கம் கட்டும் மென்பொருளான இன்டிசைனில் ஒருங்குறியாகவே கட்டினால், இந்திய மொழி எழுத்துகளைச் சரியாகக் கோக்கும் ‘வேர்ல்டு ரெடி கம்போசர்’ இயங்குகிறதா என்று கேளுங்கள். இல்லாவிட்டால் கொம்பும் காலும் எழுத்தைவிட்டு இடம் மாறி நிற்கும். முதல் மெய்ப்பில் ‘கொ’, ‘கோ’, ‘கௌ’ வரும் சொற்களையும் ஆங்கிலச் சொற்களையும் மட்டும் முதலில் ஒருமுறை ஓட்டிப் பார்த்துவிட்டு, அப்புறம் வாசிக்க உட்காரலாம்.